அக்னி மூலை

கஸ்பார் சார் தம்முடைய அறுபத்தொன்பதாவது வயதில் ஒருவரிடம் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிட இருபத்து நான்கு வயது இளையவள். போதாக்குறைக்கு, பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் அவரிடமே அறிவியல் படித்தவள். ஒளியைப் பற்றிய பாடத்தில் நூற்றுக்கு முப்பத்தாறு வாங்கியதற்காகப் பெஞ்சு மேல் நின்றவளும்கூட.

பெயர் இசக்கியம்மாள். தூத்துக்குடியில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் மாட்டுவது அவள் தொழில். பெரிய கம்பெனி வேலைகளைவிட வீட்டுக்கு மாட்டுகிற சின்னப் பேனல்களில்தான் அவளுக்குப் பிரியம். இரண்டு பலகை, பின்னால் ஒரு சிறு பெட்டி, ஒரு வயர், வயரின் முனையில் பிளக். சுவரில் செருகினால் வெயில் வீட்டுக்குள் வந்து மின்விசிறியைச் சுற்றும்.

அவளிடம் போய் யாராவது 'குரு' என்று சொன்னால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு நடந்துவிடுவாள். நமக்கென்ன, இந்தக் கதையில் அவள்தான் குரு.

கஸ்பார் சார் அவளிடம் சேர்ந்த விதமே வேடிக்கை. அடுத்த தெருவில் அவள் பேனல் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்கே உரிய உரிமையோடு மாடி ஏறிப் போய் யோசனை சொன்னார். நம்ம ஊர் எட்டே முக்கால் பாகையில் இருக்கிறது, ஆகவே தெற்கே ஒன்பது பாகை சாய்க்க வேண்டும் என்றார். "சரி சார்" என்று அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு கைப்பிடிச் சுவரோரம் போய் நெடுநேரம் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சூரியன் மேலே இருக்க இவள் ஏன் கீழே பார்க்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஒன்று புரியாவிட்டால் சும்மா இருக்க முடியாத மனுஷன் அவர்.

"எனக்கும் கத்துக்குடுப்பியா?"

"பை தூக்குவீங்களா சார்?"

"தூக்குதேன்."

அப்படித்தான் சேர்ந்தார். நாலு மாதம் பை தூக்கினார். ஊரில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தன் சமையலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தவர் வெளியே போனதில் அவளுக்குப் பரம நிம்மதி.

பாடம் என்று அவள் எதையும் நடத்தவில்லை. ஒருநாள் சார் கேட்டார்:

"போல்ட்ட எவ்வளவு இறுக்கணும் இசக்கி?"

அவள் பையின் அடியிலிருந்து ஒரு பழைய போல்ட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரலால் அழுத்தினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"எத்தன வருசம் ஆச்சு இதுக்கு?"

"ரெண்டு. இறுக்கினது நல்லாத்தான் இறுக்கியிருந்தாங்க. உப்புக்காத்து தின்னுட்டு."

இன்னொரு நாள் ஒரு வீட்டில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சார் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து அதில் பேனலின் பிளக்கைச் செருகிவிட்டார். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியைச் சுருட்டி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தாள். எலக்ட்ரீஷியன் வந்து தனி லைன் இழுத்துத் தனி பிளக் பாயின்ட் வைத்துக் கொடுக்கிறவரை அந்த வீட்டில் உட்கார்ந்தே இருந்தாள்.

"ஒருநாளைக்கு அதுலேயே இருந்தா என்ன?" என்றார் சார்.

"அந்தப் பெட்டியில இன்னும் மூணு ஓட்டை காலியா இருக்கு. நாளைக்கு யாராவது இஸ்திரிப் பெட்டியச் செருகுவாங்க. அப்ப நீங்க அங்க இருப்பீங்களா?"

சார் வாயை மூடிக்கொண்டார். வாத்தியார் வாயை மூடுவது லேசான காரியம் இல்லை என்பது வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் தெரியும்.

நாலு மாதம் கழித்து இசக்கி சொன்னாள்: "உங்க வீட்டுக்கு இனி நீங்களே இடம் பாருங்க சார். நான் வந்து பாக்கேன்."

அவர் இடம் பார்க்கவே வேண்டியதில்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பே பார்த்து வைத்த இடம் ஒன்று அவரிடம் இருந்தது. மாடியின் தென்கிழக்கு மூலை. அக்னி மூலை, வாஸ்துப்படியும் பொருத்தம் என்று எதிர்வீட்டு ஜோசியர் வேறு சொல்லிவிட்டார். அந்தோணியார் கோயிலுக்கு வாராவாரம் போகிற கஸ்பார் சாருக்கு அன்றைக்கு மட்டும் வாஸ்து மேல் மரியாதை வந்தது.

அந்த மூலையில்தான் ஒரு காலத்தில் அவருடைய ஆன்டெனா நின்றது.

ஆண்டு எண்பத்தேழு. தெருவிலேயே முதல் டிவி அவர் வீட்டில். சிலோன் டிவி தெரிய வேண்டுமென்றால் கம்பம் கடலைப் பார்த்து உயரமாக நிற்க வேண்டும். முப்பதடி இரும்புக் குழாய் வாங்கி, மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டி, கொக்கு மாதிரி நிறுத்தினார். சார் மேலே நின்று குழாயைத் திருப்புவார். பிலோமினா கீழே டிவி முன்னால். இடையில் சந்தில் நின்று சேதி சொல்ல அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்.

"வந்துட்டா?"

"புள்ளி புள்ளியா இருக்கு சார்!"

"இப்ப?"

"ஆளு தெரியுது! தலை இல்ல!"

"இப்ப பாரு!"

"வந்துட்டு! வந்துட்டு! தலை வந்துட்டு!"

அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு நடு வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. புளி உடைக்கிற பெண்கள், உப்பளத்து ஆட்கள், கைக்குழந்தைகள். பிலோமினா ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருப்பாள். படம் ஓடும்போது திடீரென்று திரையில் மழை பெய்யும். சார் மாடிக்கு ஓடுவார். மொத்தத் தெருவும் அவருக்காகக் காத்திருக்கும். அவர் வாழ்க்கையில் அத்தனை பேர் அவருக்காகக் காத்திருந்தது அந்த ஒரு வருஷம்தான். பிறகு அவர் பையன்கள் படித்து வெளியூர் போய்விட்டார்கள், கேபிள் வந்தது, அவரவர் வீட்டில் அவரவர் டிவி வந்தது. ஆனாலும் மாடிக்குப் போகும்போதெல்லாம் சார் அந்த மூலையில் போய் ஒரு நிமிஷம் நிற்பார். அந்த மூலை மறுபடியும் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. இந்த வயதில் அவர் வேறு எதற்கும் அப்படி ஆசைப்படவில்லை.

இசக்கி மாடி ஏறி வந்தாள். மூலையில் கைப்பிடிச் சுவர் மேலேயே ஸ்டாண்டை இறுக்கி, சுவரைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டியிருந்தார் சார். பேனலை மட்டும் இன்னும் ஏற்றவில்லை.

"வெயிலு?"

"சாயந்திரம் அஞ்சு வரைக்கும் நிக்கும். மத்த இடத்துல மூணு மணிக்கே பக்கத்து வீட்டுத் தண்ணித்தொட்டி நிழல் விழுந்துரும்."

"போல்ட்டு?"

"துருப்பிடிக்காதது. வாசர் போட்டிருக்கேன்."

"பிளக்கு?"

"தனி லைன். கரண்டு ஆபீஸ்ல எழுதியும் குடுத்தாச்சு."

அவள் தலையாட்டினாள். சாருக்கு முகம் மலர்ந்தது. பெஞ்சு மேல் ஏற்றிய பிள்ளையிடம் பாஸ் வாங்குவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"இங்கதான சார் அந்தக் கம்பம் நின்னுச்சு?"

"இங்கதான்! பாரு, குழாய் நின்ன தடம்கூட இருக்கு."

"அது விழுந்த கதையச் சொல்லுங்க."

அந்தக் கதையை அவர் சொல்லாத ஆளில்லை. வகுப்பில் திருப்புத்திறன் பாடம் வரும்போதெல்லாம் சொல்வார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். இப்போதும் உற்சாகமாகச் சொன்னார். கம்பம் நட்டதற்கு அடுத்த வருஷம் ஆடி மாதம். மேற்கேயிருந்து நல்ல மேலக்காற்று. பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்குச் சைக்கிளில் வந்தால், முப்பதடிக் குழாய் சந்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. ஆன்டெனா எதிர்வீட்டு ஜோசியரின் முருங்கை மரத்தில்.

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. மாதா காப்பாத்துனா."

"ஏன் ஆகல சார்?"

"என்னது?"

"ஏன் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல?"

"அங்க ஆளில்ல."

"நாலு மணிக்கு அங்க ஏன் ஆளில்ல?"

சார் குழாய் நின்ற தடத்தைக் குனிந்து பார்த்தார். முப்பத்தேழு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லி வருகிறார். இப்படி ஒரு கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, இவள் உட்பட.

இசக்கி பையை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு மூணு மணிக்குச் சந்துல இந்த மூலைக்கு நேர் கீழ உக்காருங்க. அஞ்சு மணி வரைக்கும். மேல மட்டும் பாக்காதீங்க."

"உக்காந்து?"

"உக்காருங்க சார்."

மறுநாள் மூன்று மணிக்குச் சார் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு வந்தார். முப்பத்தெட்டு வருஷமாக இதே சந்தில் நடக்கிறார், உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. சந்து முழுவதும் வெயில் கொதித்தது. அவர் வீட்டுக்குக் கிழக்கே, சுவரை ஒட்டி மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு நிழல் விழுந்திருந்தது. அரை மணி நேரத்தில் அது இரண்டு பாய் அகலமானது.

முதலில் ஒரு நாய் வந்து படுத்தது. பிறகு மீன்காரர் மொபெட்டை நிறுத்திவிட்டு நிழலில் நின்று தண்ணீர் குடித்தார். இரண்டு சிறுமிகள் சுவரோரம் கோடு கிழித்துப் பாண்டி ஆடத் தொடங்கினார்கள். "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எங்க கட்டத்துல இருக்கீங்க" என்று ஸ்டூலோடு அவரை நகர்த்தினார்கள். மேலக்காற்று கிளம்பியது. வீட்டின் மேல் ஏறி வந்து, மாடிக் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நேரே இந்தச் சந்தில்தான் வந்து குதித்தது. மேலே ஏதோ தகரம் கடகடவென்றது. சாருக்குத் தலை தன்னால் நிமிர்ந்தது. பார்க்கக் கூடாது என்று ஞாபகம் வந்து குனிந்துகொண்டார்.

நாலு மணிக்கு எதிர்வரிசையிலிருந்து இசக்கியின் அம்மா பேச்சியம்மாள் சுளகில் புளியை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்ன சார், இங்கன உக்காந்திருக்கீங்க? அக்கா சண்ட போட்டுட்டாங்களா?"

"சும்மாதான். நீ தெனமும் இங்கயா உக்காருவே?"

"வேற எங்க உக்கார? இந்த நேரத்துக்குச் சந்துலயே நிழலு இங்கதான இருக்கு."

"அந்தக் காலத்துல?"

"அப்பவும் இங்கதான். நாங்க பன்னெண்டு பேரு உக்காந்து புளி உடைப்போம்லா. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த நேரத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார். விடுமுறை நாளில் மாடியில் இருப்பார்.

"கம்பம் விழுந்த அன்னைக்கு இங்க ஒருத்தரும் இல்லயே பேச்சி?"

பேச்சியம்மாள் சுளகைத் தட்டினாள். ஒரு கொட்டையைப் பொறுக்கி எறிந்தாள்.

"அதுக்கு ஒரு வருசம் முன்னாலயே போயிட்டோம் சார்."

"எங்க?"

"ரேசன் கடைத் தகரத்துக்குக் கீழ. வெக்கை தாங்காது. என் ரெண்டாவது பிள்ளைய அப்ப வயித்துல வச்சிருந்தேன், ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டேன்."

"ஏன் போனீங்க?"

"காத்தடிச்சா உங்க கம்பி ஊளையிடும். குழாயி இப்படி ஆடும், அப்படி ஆடும். மேலயே பாத்துக்கிட்டு எப்படிப் புளி உடைக்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நல்லாருக்கே! சாயந்திரம் உங்க வீட்டுலதான படம் பாத்தோம். அக்கா கையால தண்ணி குடிச்சோம். எந்த வாயால சொல்ல? அதோட நீங்க சார்வாளு. கணக்குப் போட்டுத்தான் நட்டிருப்பீங்கன்னு நெனச்சோம்."

அவள் சிரித்தாள். பழைய கதைதானே என்று அவளுக்கு.

"விழுந்துச்சு பாத்தீங்களா, மறுநாளே திரும்பி வந்து உக்காந்துட்டோம். சந்தோசத்துல பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். நீங்க பாவம், அன்னைக்கு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனீங்க."

சார் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தார். பாண்டி ஆடிய சிறுமிகள் அவரைத் தீர்ப்புச் சொல்ல அழைத்தது காதில் விழவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் பிலோமினா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தம்ளரைத் தொடாமல் கேட்டார்.

"ஃபிலோ, புளி உடைக்கிறவங்க இடம் மாறிப் போனது உனக்குத் தெரியுமா?"

எந்தப் புளி, எப்போது என்று அவள் கேட்கவில்லை.

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் மாடிக்கு வந்தேன் ஒருநாள். நீங்க குழாயத் திருப்பிக்கிட்டே பாடிக்கிட்டு இருந்தீங்க. கல்யாணமாகி ஆறு வருசத்துல நீங்க பாடி அன்னைக்குத்தான் கேக்கேன்." அவள் புடவைத் தலைப்பால் மேஜையைத் துடைத்தாள். "பாதிப் படியிலேயே எறங்கிட்டேன்."

அவர் கட்டிக் காத்த அந்த ஒரு வருஷத்தை இத்தனை பேர் சேர்ந்து அவருக்காக வெக்கையில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மனைவிமுதல் தெருவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த நாட்களை இனி எப்படி நினைப்பது என்று தெரியாமல் திகைப்பாக இருந்தது.

"காப்பி ஆறுது," என்றாள் பிலோமினா.

மறுநாள் காலையில் அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மூலையில் இறுக்கியிருந்த எட்டுப் போல்ட்டையும் கழற்றினார். ஸ்டாண்டை மாடியின் நடுவுக்கு இழுத்து வந்தார். காலைக் குட்டையாக்கி, பேனல் தரையோடு தரையாகப் படுத்திருக்கிற மாதிரி வைத்தார். ஒவ்வொரு காலிலும் இரண்டு சிமெண்ட் கட்டை ஏற்றினார். அறுபத்தொன்பது வயசுக்கு அது அதிகப்படியான வேலைதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றி நடந்து பார்த்தார். எந்தப் பக்கம் காற்று தூக்கினாலும் மாடிக்குள்ளேயே கிடக்கும்.

பிறகு சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். காலை வெயிலில் சந்து காலியாகக் கிடந்தது. அப்படியும் நெடுநேரம் பார்த்தார்.

மூன்று மணிக்கு இசக்கி வந்தாள். காலியான மூலையைப் பார்த்தாள். நடுவிலிருந்த பேனலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தொட்டியின் நிழல் ஒரு பலகையின் விளிம்பில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணி நேர வெயிலு போயிருமே சார்."

"போகட்டும்."

அவள் கட்டைகளைக் காலால் தள்ளிப் பார்த்தாள். ஒரு போல்ட்டைக் கூட அவள் மறுபடி இறுக்கவில்லை. கீழே போய் பிளக்கைச் செருகினாள். மாடியில் பேனலின் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மெயினை இறக்கினாள், அதே நொடியில் விளக்கு அணைந்தது. கரண்டு போன நேரத்தில் இந்த வீட்டு வெயில் கம்பி வழியாக வெளியே போய் லைன்மேனைத் தொடாது. மறுபடி மெயினை ஏற்றினாள். பிலோமினாவின் சமையலறை விசிறி சுழன்றது.

"சரியா இருக்கா?" என்றார் சார், அவள் மாடிக்குத் திரும்பி வந்ததும்.

"உப்பளத் தெருவுல ஒரு வீடு இருக்கு. நாளைக்கு நீங்க தனியாப் போயிட்டு வாங்க."

நாலு மாதமாகக் காத்திருந்த வார்த்தைதான். ஆனால் அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவளோடு கூடவே இறங்கிச் சந்துக்கு வந்தார். நிழல் இறங்கியிருந்தது. பேச்சியம்மாள் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். சிறுமிகள் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் வேட்டியை மடித்துப் பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சுளகிலிருந்து ஒரு புளியை எடுத்து உடைக்கத் தெரியாமல் உடைத்தார். இசக்கியும் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மேலக்காற்று சுவர் ஏறி வந்து குதித்தது. ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

கடைசியில் சார் கேட்டார்.

"அந்தக் கதைய நான் கிளாஸ்ல வருசா வருசம் சொன்னேன். நீயும் மூணு வருசமும் எம் முன்னால உக்காந்து கேட்டே. ஒங்கம்மா மயங்கி விழுந்தது ஒனக்குத் தெரியும். அப்பவே எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

இசக்கி ஒரு புளியங்கொட்டையைத் தூர எறிந்தாள்.

"அப்ப நீங்க மாடியில நின்னீங்க, சார். இப்பத்தான கீழ எறங்கி வந்து உக்காந்திருக்கீங்க."